பாதி என்றால் எதில் பாதி?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து வந்த கேள்வி இதுதான்: "ரெயூனியனில் சேன்-தெனியில் இருக்கிறோம். எனக்கு ஏழாம் மாதம். பிரசவ நேரத்தில் தாய்க்குச் சிக்குன்குனியா இருந்தால் பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று இந்தத் தீவில் செய்த ஆராய்ச்சியே சொல்கிறதாம். தங்கை அனுப்பினாள். விழுப்புரத்தில் அம்மா அழுதுகொண்டு, ஊருக்கே வந்துவிடு என்கிறார். சிசேரியன் செய்துகொண்டால் தப்பிக்கலாமா? நம் பெண்களுக்கு ஆபத்து கூடுதலா?"

தங்கச்சி, உங்கள் தங்கை அனுப்பியது பொய்யில்லை. அந்த ஆராய்ச்சியில் 48.7 சதவீதம் என்றே போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் "பாதி" எத்தனை பேரில் பாதி என்பதை விட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். 39 தாய்மார்களில் 19 பேர். அந்த 39 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொன்னால் உங்கள் அம்மாவின் அழுகை பாதி நின்றுவிடும்.

நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, தீவின் தெற்கே ஒரு சின்ன கிளினிக்கில் மருத்துவச்சியாக வேலை பார்த்தவள். ஆராய்ச்சிக்காரி இல்லை. ஆனால் 2006-ல் இங்கே இருந்தேன். அதற்கப்புறம் இந்தக் கணக்குகளை எல்லாம் ஒன்றுக்கு நாலு தடவை படித்திருக்கிறேன்.

முதலில் அந்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் கொமோரோ தீவுகளில் பரவி, 2005 தொடக்கத்தில் இங்கே வந்தது. மே மாதம் ஒரு சின்ன அலை, பிறகு குளிர்காலத்தில் அடங்கிக் கிடந்தது. எல்லோரும் போய்விட்டது என்றே நினைத்தோம். டிசம்பரில் மழையும் வெயிலும் சேர்ந்ததும் கிளம்பியது பாருங்கள், 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 45,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். வைரஸில் ஒரு சின்ன மாற்றம் நடந்திருந்தது. அதன் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால், இந்தத் தீவில் தோட்டந்தோறும் இருக்கிற வரிக்கொசுவின் உடம்பில் அது நன்றாகப் பெருக ஆரம்பித்தது. எங்கள் கிளினிக்கில் நர்சுகளே வேலைக்கு வர முடியவில்லை. வந்தவர்களுக்கும் மருந்துக் குப்பியின் மூடியைத் திருக விரல் மடங்காது. சிக்குன்குனியா என்ற பேர் நம் காதுக்குக் "குனி" என்று கேட்கிறது. ஆனால் அது தான்சானியா, மொசாம்பிக் எல்லையில் பேசும் மகொண்டே மொழிச் சொல். அதற்கும் வளைந்துபோவது என்றுதான் அர்த்தம்!

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு ஊரில் எத்தனை பேருக்கு மூட்டுவலி என்று தெரிந்துகொள்ள வைத்தியர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், ஊரில் எல்லோருக்குமே மூட்டுவலி என்றுதான் தோன்றும். ஏனென்றால் வலி இல்லாதவன் அங்கே வருவதில்லை. ஆஸ்பத்திரியை மட்டும் பார்த்துச் செய்யும் ஆராய்ச்சிகளில் இந்தத் திண்ணைக் கோளாறு இருக்கும். அதைத் தவிர்க்க ஊர் முழுக்க எடுத்துக்கொண்டு, நோய் வந்தவர், வராதவர் எல்லோரையும் கணக்கில் வைக்க வேண்டும். மக்கள்தொகை அடிப்படையிலான ஆராய்ச்சி என்பது அதுதான். சொல்ல ஒரு வரி, செய்வதற்கு உயிர் போகும்.

ரெயூனியன் அதற்குத் தோதான இடம். சுற்றிலும் கடல். ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. பிரெஞ்சு மாநிலம் என்பதால் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு காகிதக் கட்டு. மாசாமாசம் உங்கள் கையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்களே, ஏற்கனவே எதிர்ப்பு இல்லாத பெண்களுக்கு அது பிரான்ஸ் முழுக்கக் கட்டாயம். எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, லேப் உடனே கொட்டிவிடாது, குளிர்பெட்டியில் வைத்திருக்கும். 2006-ல் நோய் உச்சத்தில் இருந்தபோது, உண்மையில் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கிறது என்று சட்டெனத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் முதலில் கைவைத்தது கர்ப்பிணிகளிடமிருந்து எடுத்துச் சேமித்திருந்த சீரத்தில்தான். எல்லாம் அடங்கிய பிறகு, தீவு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் 2,442 பேரைத் தேர்ந்தெடுத்து ரத்தம் சோதித்தார்கள். 38.2 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவர்களை வைத்துப் போட்ட மதிப்பீடு 2,66,000 பேர். ரத்தச் சோதனையை வைத்துப் போட்டால் ஏறத்தாழ மூன்று லட்சம். வீட்டிலேயே படுத்து எழுந்தவர்களும், வந்ததே தெரியாதவர்களும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

இப்போது கர்ப்பிணிகள். முதல் எச்சரிக்கை தீவின் தெற்கே இருக்கும் சேன்-பியேர் நகரத்திலிருந்து வந்தது. அங்கே பச்சிளங்குழந்தை மருத்துவர் பியர்-ஈவ் ரொபிலாரும் அவருடன் இருந்தவர்களும், தொற்று கண்ட 84 கர்ப்பிணிகளில் 10 பேரின் குழந்தைகளுக்கும் வைரஸ் போயிருக்கிறது என்று 2006-லேயே எழுதினார்கள். அதுவரை தாயிடமிருந்து சிசுவுக்கு இது தொற்றும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தச் செய்தி தீவு முழுக்கப் பரவியபோது எங்கள் கிளினிக்கில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. காய்ச்சல் வந்த கர்ப்பிணிகள் கருவைக் கலைக்கலாமா என்றே கேட்டார்கள். 84-ல் 10 என்றால் எட்டில் ஒன்று ஆயிற்றே. ஆனால் அதுவும் திண்ணைக் கணக்கின் முதல் வரிதான். ஆஸ்பத்திரி வரை வந்த 84 பேர் அவர்கள்.

பிறகு பத்ரிக் ஜெரார்தான் என்ற மருத்துவரின் குழுவினர் தெற்குப் பகுதியில் பிரசவித்த எல்லாப் பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். 2005 ஜூன் முதல் 2006 டிசம்பர் வரை, 7,504 தாய்மார்கள், உயிரோடு வாழத்தக்க நிலையில் பிறந்த 7,629 குழந்தைகள். 2008-ல் வெளியான அந்தக் கணக்கை மெதுவாகப் படியுங்கள்.

7,504 பேரில் 678 பேருக்குப் பிரசவத்துக்கு ஒரு வாரத்துக்கும் முன்பே தொற்று வந்து போயிருந்தது. 61 பேருக்குப் பிரசவத்தை ஒட்டிய நாட்களில் வந்தது. இந்த 61 பேரில், பிள்ளை பெறும் நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருந்தவர்கள் 39 பேர். அவர்களுடைய குழந்தைகளில் 19 பேருக்குத் தொற்றியது. உங்கள் தங்கை பார்த்த 48.7 அதுதான்.

அதே 19-ஐ மேலே போய் வகுத்துப் பாருங்கள். கர்ப்பக் காலத்தில் எப்போதாவது தொற்று வந்த 739 பேரை வைத்தால் நூற்றுக்கு இரண்டரை. பிறந்த எல்லாக் குழந்தைகளையும் வைத்தால் ஆயிரத்துக்கு இரண்டரை. அதுவும் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்கப்போட்ட ஒரு வருஷத்தில்! மூன்றுமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் வேறு வேறு பெண்ணுக்கான பதில். பிரசவ வலியோடு, 39 டிகிரி காய்ச்சலோடு வந்து நிற்கிறவளுக்கு 48.7. ஏழாம் மாதத்தில் காய்ச்சலே இல்லாமல் கவலைப்படுகிற உங்களுக்கு அது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 39 பேர் என்பது ஒரு சிறிய கூட்டம். அத்தனை சின்ன எண்ணிக்கையில் கிடைக்கும் "பாதி" அசையாத பாதி ஆகாது. உண்மை விகிதம் மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றில் இரண்டாகவும் இருக்கலாம். 48.7 என்று தசமப் புள்ளி வைத்து எழுதியதும் தங்கக்கடைத் தராசு போல நமக்குத் தோன்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

முன்பே தொற்று வந்துபோன 678 பேரின் குழந்தைகள் ஏன் தப்பின? நஞ்சுக்கொடி இந்த வைரஸை நன்றாகவே தடுக்கிறது. பிரசவ வலி தொடங்கியதும் கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி விரிகிறபோது தாயின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் பக்கம் கசிகிறது, அந்த நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருந்தால் அதோடு போய்விடுகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். மாதக்கணக்கில் முன்பே நோய் வந்துபோன தாயிடம் வைரஸ் இருக்காது, எதிர்ப்புப் பொருள்தான் இருக்கும். அதுவும் குழந்தைக்குப் போகும், பாதுகாப்பாக. விதிவிலக்கும் உண்டு: கர்ப்பத்தின் முற்பாதியில் தொற்று வந்து கரு இறந்துபோன மூன்று சம்பவங்களை அதே ஆராய்ச்சி குறித்திருக்கிறது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆராய்ச்சியில் பதிவானது அந்த மூன்றுதான். ஏறத்தாழ 1,400 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆராய்ச்சி, தொற்று வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது கூடுதல் என்றாலும், குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறவிக் குறைபாடு எதிலும் மற்றவர்களைவிட வித்தியாசம் இல்லை என்று கண்டது. இந்த மாதிரி "வித்தியாசம் இல்லை" என்று வரும் முடிவுகளை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

சிசேரியன்: அந்த 39 பேரில் அறுவை செய்துகொண்டவர்களின் குழந்தைகளுக்கும் தொற்றியது. பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. ஆகவே இதற்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் நிலைக்கோ உங்கள் நிலைக்கோ வேறு காரணம் இருந்தால் அது வேறு விஷயம். மருந்தால் சில நாள் பிரசவத்தைத் தள்ளிப்போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது டாக்டர் உங்களை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

இனி, நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம். அந்த 19 குழந்தைகளும் பிறந்தபோது நன்றாக இருந்தன. ஒன்றுக்குக்கூட எந்த அறிகுறியும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஆரம்பித்தது, பெரும்பாலும் நாலாம் நாள். 19-ல் 10 பேருக்கு நோய் கடுமையானது. அதில் 9 பேருக்கு மூளை பாதிக்கப்பட்டது. 4 பேருக்கு நிரந்தரக் குறை தங்கிவிட்டது. பிற்பாடு, தொற்று வந்த 33 குழந்தைகளை இரண்டு வயதுவாக்கில் பரிசோதித்தபோது பாதிப் பேருக்கு, சரியாகச் சொன்னால் 51 சதவீதத்துக்கு, வளர்ச்சியில் தாமதம் இருந்தது. தொற்று வராத 135 குழந்தைகளில் அது 15 சதவீதம்.

2006 பிப்ரவரியில் எங்கள் கிளினிக்கில் ஒரு பெண். வலி எடுத்த ராத்திரியே காய்ச்சல். பிள்ளை மூன்று கிலோவுக்கு மேல், வந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். எல்லோருக்கும் நிம்மதி. கட்டில் வேண்டும் என்று மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் சாயங்காலம் திரும்ப வந்தார்கள். பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: பால் இழுக்க மாட்டேன் என்கிறான், துணி மாற்றக் காலைத் தொட்டால் வீறிடுகிறான். நான் தொட்டுப் பார்த்தேன். வீறிட்டான். பிறகு ஒரேயடியாக அடங்கிக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த அடக்கம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் நடக்க வெகுநாள் ஆயிற்று. அன்று நாலாம் நாள் என்ற விவரம் எங்களில் யாருக்கும் தெரியாது. ஏழாயிரம் பேரை எண்ணியதால்தான் பிறகு தெரிந்தது. இப்போது பிரசவத்தை ஒட்டித் தாய்க்குக் காய்ச்சல் என்றால், குழந்தை பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு வாரம் வரை கண்காணிப்பில் வைக்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

2024 ஆகஸ்டில் நோய் மறுபடி இங்கே தலைகாட்டி, 2025-ல் 50,000 பேருக்கு மேல் உறுதியானது. அப்போதும் சில பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைக்குப் போயின. 2006-ல் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பு இருக்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும், உங்களைப் போலப் பிற்பாடு வந்து குடியேறியவர்களுக்கும்தான் இல்லை. ஆனால் உங்களுக்கே ஊரில் எப்போதாவது வந்திருக்கலாம். முன்பு தொற்று வந்து எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க ஐஜிஜி என்று ஒரு ரத்தச் சோதனை உண்டு. கேட்டுப் பாருங்கள். அது இருந்தால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

ஊருக்குப் போவது பற்றி. அம்மாவின் தவிப்பு புரிகிறது. ஆனால் விழுப்புரத்தில் கொசு இல்லையா? 2006-ல் அதே நோய் இந்தியாவில் பதினான்கு லட்சம் பேர்வரை சந்தேகக் கணக்கில் வந்தது. இந்தத் தீவின் மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சத்துக்குள்தான் அப்போது. அவ்வளவு பேருக்கு வந்தும் கர்ப்பிணிகளைப் பற்றிய கணக்கை உலகம் ஏன் இங்கிருந்து எடுத்துக்கொண்டது என்றால், அங்கே மேல் எண் இருந்தது, கீழ் எண் கிடைக்கவில்லை. எத்தனை பேர் பிரசவித்தார்கள், அதில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று ஒரே பதிவேட்டில் இல்லை. ஆகவே அங்கே செய்தி குறைவு என்பதால் ஆபத்து குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. ஏழாம் மாதத்துக்குமேல் நீண்ட விமானப் பயணத்துக்கும் டாக்டர் கடிதம், ரத்தக்கட்டுப் பயம் என்று தனித் தொல்லைகள் உண்டு. என்னைக் கேட்டால் இங்கேயே இருங்கள்.

நம் பெண்களுக்குக் கூடுதலா என்று கேட்டீர்கள். பிரெஞ்சுக் கணக்கெடுப்பில் இனம் என்ற கட்டமே கிடையாது. மலபார் (நம்மவர்), காஃப்ர் (ஆப்பிரிக்க வழி வந்தவர்), ஷினுவா (சீன வழி வந்தவர்) என்று தெருவில் எல்லோரும் பேசுவார்கள், அரசு படிவத்தில் எழுத மாட்டார்கள். இந்த வைரஸ் விஷயத்தில் வம்சத்தைவிடத் தோட்டம்தான் முக்கியம். நம் வீட்டுப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் நிஜமாகக் கூடுதலாக வருவது சர்க்கரை. 24-லிருந்து 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து மூன்று தடவை ரத்தம் எடுக்கிற சோதனை முடிந்ததா? முடியவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள். கொசுவைப் பற்றி அழுகிற அம்மாவிடம் அப்பாவுக்கு எத்தனை வயதில் சர்க்கரை வந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொசுவுக்கு வருகிறேன். நம் வீடுகளில் சாயங்காலம் சாம்பிராணி, வேப்பிலைப் புகை போட்டுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்துவிடுகிறோம். இந்த வரிக்கொசு கடிப்பது பகலில், முக்கியமாகக் காலையிலும் பிற்பகல் முடிவிலும். நீங்கள் துணி உலர்த்துகிற நேரம் அதற்குச் சாப்பாட்டு நேரம். இங்கே நம்மவர் வீடுகளில் நான் பார்த்த கொசுப் பண்ணைகள்: துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, வாசலில் பூ மிதக்கவிட்ட உருளி, பின்பக்கம் சாமிக்கு வைத்து மறந்த சொம்பு. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே போதும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். வெறுமனே தண்ணீரை மாற்றினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். கல்லறைகளில் பூ ஜாடிக்குள் மணல் போட்டு வைப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதுவும் இதற்காகத்தான். கைகால் மூடிய பருத்தி உடை போடுங்கள். பூசும் கொசுவிரட்டியை மருந்துக்கடையில் கர்ப்பிணி என்று சொல்லிக் கேளுங்கள், டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ளதில் உங்களுக்கு ஏற்ற அளவு எது என்று அவர்களுக்குத் தெரியும். பகலில் படுத்தாலும் வலைக்குள் படுங்கள். தடுப்பூசி வந்திருக்கிறதே என்பீர்கள். இங்கே 2025-ல் போட்டது வைரஸை உயிரோடு வலுவிழக்கச் செய்த வகை, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் தொடவே வேண்டாம், அதுவும் இந்த மாதத்தில். அன்றைக்கே போய் ரத்தம் கொடுங்கள். ஜுரம் தொடங்கிய தேதியைக் கர்ப்பக் கையேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் எந்த நாளில் வந்தாலும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், பாலால் தொற்றியதாக இங்கே கண்டுபிடிக்கவில்லை.

அம்மாவை இங்கே வரவழையுங்கள். அழுவதைவிட அது அவருக்கும் நல்லது. ஒரே ஒரு நிபந்தனை: கிளம்புவதற்கு முந்தின வாரத்தில் அவருக்குக் காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்தால் பயணத்தைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம்தான் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த வாரத்தில் உங்கள் வீட்டுக் கொசு ஒன்று அவரைக் கடித்தால், அடுத்து அது கடிக்கப்போவது பக்கத்து அறையில் படுத்திருக்கிற உங்களை.